வில்ஃப் போய், வீடு காலியாகி

எங்கள் கழகத்தில் யாரும் எதையும் முடிக்க மாட்டார்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அவர்களுடைய தொழிலே அதுதான். ஆங்கிலத்தில் முடியாமல் பாதியில் தொங்கும் தொடர்களை ஆராய்வதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த இடம் அது. பெயர், எச்சத்தொடர்க் கழகம். யார்க்ஷரில், ஸ்கெல்பி ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினால், ஒரு கம்பளி ஆலை முதலாளி கட்டிவிட்டுச் செத்துப்போன கருங்கல் மாளிகை. அதில்தான் இருந்தார்கள்.

நான் அங்கே டீ வண்டி தள்ளினேன். ஐவி சக்டன் என்று பெயர். காலையிலும் மாலையிலும் எந்த அறைக்குள் வேண்டுமானாலும் நுழைவேன். எவ்வளவு ரகசியமான கூட்டமானாலும் எனக்குக் கதவு திறக்கும். டீ உள்ளே போகாவிட்டால் அந்த மனுஷர்களுக்கு நாக்கு புரளாது. அதனால் நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

கழகத்தில் இரண்டு பிரிவு. மாடியில் டாக்டர் வினிஃப்ரெட் ஓர்மரோட். போக, போய், போவது என்று வினை முற்றாமல் நிற்பதெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொந்தம். கீழே பேராசிரியர் லயனல் கார்பட். அவர்தான் கழகத்தின் தலைவர். வினையையே முழுசாக விழுங்கிவிட்டு நிற்கும் சிறுதொடர்களெல்லாம் அவருடையவை. 'கையில் குடையோடு', 'அவனை முட்டாளாக' என்ற மாதிரி. மாடிக்காரர்களும் கீழ்க்காரர்களும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுக்க மாட்டார்கள். நான் இரண்டு தட்டு வைப்பேன்.

இந்தத் தொடர்களுக்கு ஒரு குணம் உண்டு. காலம் காட்டாது. பல சமயம் ஆளையும் காட்டாது. யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் அவர்களுக்கு அவை அத்தனை பிடித்திருந்தன என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம்.

மாளிகை வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கும்: பொருளைப் பாராதே, அமைப்பைப் பார். அந்தக் கட்டளையை அவர்கள் மீறி நான் பார்த்ததில்லை. ஒரு வாக்கியம் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். அது உண்மையா பொய்யா என்று கேட்டால், கூட்டத்துக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். உதாரணம் வேண்டுமென்றால் கைக்கு எட்டிய ஆளின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். யாரும் சொல்லவே மாட்டாத வாக்கியமென்றால் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். இதெல்லாம் அங்கே பழக்கம்.

கைக்கு எட்டிய ஆள் என்றால் பெரும்பாலும் வில்ஃப்தான்.

வில்ஃப் ஓல்ட்ராய்ட் எங்கள் வாயிற்காவலர். கேட்டை ஒட்டின சின்ன வீட்டில் அவரும் மனைவி எனிட்டும் குடியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் பச்சைச் சாயம் அடித்த புறாக்கூடு. எல்லாம் பந்தயப் புறாக்கள். கூடையில் வைத்து ரயிலேற்றி பிரான்சில் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும், கடலைத் தாண்டி அந்தக் கூரைக்கே வந்து இறங்கும். சாயங்காலமானால் கரும்பலகைகளைத் துடைப்பதும் வில்ஃபின் வேலை.

ஒரு நாள் ஈரத்துணியும் கையுமாக என் அடுக்களைக்கு வந்து நின்றார்.

"ஐவி, கொஞ்சம் வந்து பாரேன்."

"என்னத்த?"

"வந்து பாருன்னா."

போய்ப் பார்த்தேன். கார்பட்டின் கையெழுத்து. 'வில்ஃபை ஒரு தொல்லையாகக் கருதுகிறோம்.' அதற்கு முன்னால் நட்சத்திரம் இல்லை. 'வில்ஃபை ஒரு மேசையாகத் தூங்குகிறோம்.' அதற்கு நட்சத்திரம் இருந்தது. 'வில்ஃப் போய், வீடு காலியாகி, நமக்கென்று தனிக் கூட்ட அறை.' அதற்கு நட்சத்திரம் இல்லை.

"அந்த மூணாவதுக்கு நட்சத்திரம் போட மறந்துட்டாரோ?" என்றார் வில்ஃப்.

"அவரு பொண்டாட்டி பேரை மறந்தாலும் நட்சத்திரத்தை மறக்க மாட்டாரு."

"அவருக்குப் பொண்டாட்டியே கிடையாதே."

"அப்பப் பாத்துக்க."

மறுநாள் காலை டீ நேரத்தில் வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கார்பட்டிடம் போனார். நான் சர்க்கரைக் கிண்ணத்தை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"சார், பலகையில எம் பேரு பாத்தேன்."

"ஆமாப்பா ஓல்ட்ராய்ட். வில்ஃப்ங்கறது நல்ல பேரு. ஒரே அசை. வாக்கியத்துல எங்க வச்சாலும் கனம் தெரியாது."

"அதில்லைங்க சார். நான் போயி, வீடு காலியாகின்னு போட்டிருந்துச்சு."

"உதாரணம்ப்பா, உதாரணம்! அதுல வர்ற வில்ஃப் நீ இல்ல. அந்த வில்ஃபுக்கு உடம்பே கிடையாது."

"அவனுக்கும் ஒரு வீடு இருக்குதுங்களே சார்."

"உதாரணத்துல யாருக்கு என்ன வேணா இருக்கும். போன வாரம் ஓர்மரோட் ஒரு யானை வச்சிருந்தாங்க. நீ எங்கயாவது யானையைப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்று வில்ஃப் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு யானையை நம்பி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார் மனுஷன்.

அப்புறம் பலகையில் எனிட் வந்தாள். 'எனிட் மூட்டை கட்டுவதைக் கண்டோம்.' நட்சத்திரம் இல்லை. புறாக்கள் வந்தன. 'புறாக்களை அப்புறப்படுத்துவது எளிது.' நட்சத்திரம் இல்லை. 'ஈஸ்டருக்குள் வில்ஃப் வெளியே.' அதற்கும் இல்லை. தினமும் சாயங்காலம் வில்ஃப் துணியைக் கையில் வைத்துக்கொண்டு துடைக்காமல் நிற்பார், ஒரே ஒரு நட்சத்திரமாவது கண்ணில் படாதா என்று. பிறகு ஒரு நாள் ஸ்கெல்பி கொத்தனார் வந்து, வாசல் வீட்டின் முன்னறையை டேப் வைத்து அளந்துகொண்டு போனான்.

"உதாரணத்துக்கு எவனாவது டேப் வச்சு அளப்பானா ஐவி?" என்று கேட்டார் வில்ஃப்.

எனக்கும் அது சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் படித்த கும்பலிடம் போய் என்னவென்று கேட்பது? அவர்களிடம் எதைச் சொன்னாலும் என்ன ஆகும் என்பதை நான் அடுத்த வாரமே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

பாய்லருக்குப் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலை பற்றிக்கொண்டது. நான் கூட்ட அறைக் கதவைத் தள்ளித் திறந்து, "அடுக்களையில தீ!" என்று கத்தினேன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கார்பட்டின் முகம் மலர்ந்தது.

"வினை இல்லை!" என்றார். "கேட்டீங்களா? அவசரத்துல மனுஷனுக்கு வினையே தேவைப்படலை. முதல்ல பொறந்தது சிறுதொடர்தான்னு நான் சொல்றது இதைத்தான்."

"வினை இருக்கு. ஒளிஞ்சிருக்கு," என்றார் ஓர்மரோட், புகையில் இருமிக்கொண்டே. "ஐவி, நீங்க 'அடுக்களை எரிய'ன்னும் சொல்வீங்கதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருங்க, 'கழகம் சாம்பலா'ன்னு சொல்றேன்," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். வில்ஃப்தான் மணல் வாளியோடு ஓடிவந்து அணைத்தார். கூட்ட அறையைத் தாண்டி ஓடும்போது வாளியிலிருந்து சிதறிய மணல் கார்பட்டின் குறிப்பு அட்டைகள் மேல் விழுந்துவிட்டதாம். அதற்காக வில்ஃப் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

பிப்ரவரி கடைசியில் நிர்வாகக் கூட்டம் கூடியது. சம்பந்தப்பட்டவர் என்று வில்ஃபையும் கூப்பிட்டு, கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வண்டியோடு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார்.

"வில்ஃப் போய், வாசல் வீடு காலியாகி, அதில் சிறுதொடர்களுக்கான கூட்ட அறை அமைதல்."

வில்ஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கார்பட் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, இந்தத் தீர்மானத்துல யாரும் யாரையும் துரத்தலைங்கறதை நீங்க கவனிக்கணும். துரத்துற ஆள்னு ஒருத்தர் இதுல இல்லவே இல்ல. நான் நல்லாத் தேடிப் பாத்துட்டேன். எந்தக் காலத்துலயும் இது நடக்கலை, ஏன்னா இதுல காலமே இல்ல. நம்ம ஓல்ட்ராய்ட் மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிரியம். அதனாலதான் முற்று வினையை வச்சு அவரைக் காயப்படுத்த எனக்கு மனசு வரலை. ஒருத்தரை இவ்வளவு மரியாதையா வீட்டைவிட்டு அனுப்ப, நம்ம மொழியைத் தவிர உலகத்துல வேற எந்த மொழியாலயும் முடியாது!"

கீழ்க்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஓர்மரோட் விருட்டென்று எழுந்தார்.

"நான் இதை வன்மையா எதிர்க்கிறேன்!"

வில்ஃப் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த அம்மாளுக்காவது ஈரம் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

"'போய்'ங்கறது வினை," என்றார் ஓர்மரோட். "ஆக, வில்ஃப் போறது மாடியைச் சேர்ந்தது. அவரைக் கீழ்ப்பிரிவு எடுத்துக்கறதை நான் அனுமதிக்க முடியாது. கூட்ட அறை மாடிப் பிரிவுக்குத்தான்."

வில்ஃப் என் கையை விட்டுவிட்டார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. 'போய்' என்பது வினையா, வெறும் நிலையா என்று ஆரம்பித்து, போனவன் போய்க்கொண்டிருக்கிறானா, போய் முடிந்தவனா, போன பிறகும் அவன் வில்ஃப்தானா என்பது வரைக்கும் போனார்கள். நான் இரண்டாம் முறை டீ ஊற்றினேன். கேக் தீர்ந்துபோயிற்று. கடைசியில் யாரோ ஒருவர், 'வில்ஃப் போய்' என்பதை வினையே இல்லாத 'வில்ஃப் இன்றி' என்று மாற்றிக்கொண்டால் சண்டை தீரும் என்று திருத்தம் கொடுத்தார். திருத்தத்துக்கு வாக்கெடுத்தார்கள். மாடிக்காரர்கள் தோற்றார்கள். கைதட்டல், கைகுலுக்கல். செயலாளர் பேனாவை மூடினார்.

"ஏங்க," என்று நான் குரல் கொடுத்தேன். "அவரை அனுப்பலாமா வேண்டாமான்னு இன்னும் ஒருத்தரும் கை தூக்கலையே?"

செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திருத்தம் நிறைவேறிடுச்சு ஐவி. திருத்தம் நிறைவேறினா தீர்மானமும் அதுகூடவே போயிடும். காலங்காலமா இங்க அப்படித்தான். அடுத்த கூட்டத்துல இதைப் படிச்சு உறுதி பண்ணிட்டா முடிஞ்சுது."

எங்கள் நாட்டில் பாதி அநியாயம் இப்படித்தான் நடக்கிறது. எல்லோரும் வார்த்தைக்குக் கை தூக்குவார்கள். காரியம் தானாக நிறைவேறிவிடும். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும், நாம் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று நிம்மதியாகப் போவார்கள்.

"சம்பந்தப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?" என்றார் செயலாளர், முறைக்கு.

வில்ஃப் எழுந்தார். தொப்பியை விரல்களால் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு... எங்க போறதுன்னு தெரியலைங்க சார்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்பாடா, இவர்களுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா," என்றார் கார்பட் மெதுவாக.

"எங்க போறதுன்னு தெரியலைங்க சார்."

"கேட்டீங்களா! 'எங்கே போவது'! போறவன் யாருன்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா நமக்குத் தெரியுது! ஓர்மரோட், இது உங்களுக்கு. நான் பெருந்தன்மையா விட்டுத்தரேன். இன்னொரு தடவை, ஓல்ட்ராய்ட். நிறுத்தி, நிதானமா."

எல்லாப் பேனாக்களும் கீறும் சத்தம் கேட்டது. வில்ஃப் மூன்றாவது முறை சொல்லவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வண்டியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளியதில் இரண்டு கோப்பை உடைந்தது. உடையட்டும் என்றுதான் தள்ளினேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனிட் புறாக்கூட்டின் முன்னால் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள். வில்ஃப் ஒவ்வொரு பறவையாக எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் சட்டியத் தூக்கிட்டு எங்கயாவது போயிடுவோம் ஐவி," என்றாள் எனிட். "நகரசபை குடியிருப்புல ஒரு அறை தருவாங்க. ஆனா புறா வளக்கக் கூடாதாம்."

"வேற யாருக்காவது கொடுத்துடேன்."

"கொடுத்தா? கூண்டத் திறந்த அன்னிக்கே இங்கதான் வந்து நிக்கும். அதுங்களுக்கு இதுதான் வீடு. நம்ம சொன்னா கேக்குமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வயசானதுங்களக் கழுத்தத் திருகிடணும்னு சொல்றாங்க. இந்த மனுஷன் செய்வாராக்கும்? இவரு ஒரு எலியக்கூட அடிச்சதில்ல."

வில்ஃப் கையிலிருந்த சாம்பல் நிறப் பெட்டையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார்பட்டை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன், முற்று வினை வைத்துத்தான்.

மார்ச் நடுவில் லண்டனிலிருந்து கல்வி அமைச்சகத்தின் ஆள் வருகிறது என்றார்கள். மிஸ் பீட்ரிஸ் கேல் என்று ஓர் அம்மாள். தட்டைச் செருப்பு, பழுப்பு மழைக்கோட்டு, சிரிக்காத வாய். கேட்டில் இறங்கியதுமே வில்ஃபிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கேட்டுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்பதுதான். அப்புறம் வெந்நீர்க் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் பழ கேக்கை நீட்டினேன். வேண்டாம் என்றார். யார்க்ஷரில் வந்து ஒருத்தி பழ கேக்கை வேண்டாம் என்றால், ஒன்று வயிறு சரியில்லை, இல்லையென்றால் வந்த காரியம் சரியில்லை.

வில்ஃப் கார்பட்டைத் தாழ்வாரத்தில் மடக்கினார். என்ன இருந்தாலும் சம்பளம் கொடுத்த இடம் என்ற விசுவாசம்.

"சார், அந்தம்மா சரியில்ல. சாவியை விசாரிக்குது."

"உனக்கு இப்பல்லாம் எதைப் பாத்தாலும் சந்தேகம் ஓல்ட்ராய்ட். விருந்தாளிங்க சாவியைப் பத்திக் கேக்கறது சகஜம்தான்."

"கூரையைப் பாத்துது சார். நம்ம கொத்தனாரு பாத்த மாதிரியே பாத்துது."

"போய் நாற்காலி போடு, போ."

கழகம் முழுக்கக் கூட்ட அறையில் கூடியது. மாடிக்காரர்கள் சன்னல் பக்கம், கீழ்க்காரர்கள் சுவர்ப் பக்கம். மிஸ் கேல் எழுந்து நின்றார். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்," என்றார். "இந்தக் கழகத்தைத் தேவையற்றதாக் கருதுறோம். புனித வெள்ளிக்குள்ள இது மூடப்படுவதை விரும்புறோம்."

கார்பட் ஓர்மரோட்டைப் பார்த்தார், ஓர்மரோட் கார்பட்டைப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

"முதல் வாக்கியம் எனக்கு!" என்றார் கார்பட்.

"ரெண்டாவது எனக்கு!" என்றார் ஓர்மரோட்.

கைதட்டல் எழுந்தது. மிஸ் கேல் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எங்க பிறந்து வளந்தீங்க, மேடம்?" என்றார் ஓர்மரோட்.

"நார்விச். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அருமை. 'கழகம் மூடப்படுவதை'ன்னு சொன்னீங்க. 'கழகத்தை மூட விரும்புறோம்'னும் சொல்வீங்களா?"

"எப்படிச் சொன்னாலும் மூடறதுதான்."

"எப்படிச் சொன்னாலும்! எல்லாரும் குறிச்சுக்கங்க."

"'கழகம் இன்றி'ன்னு?" என்றார் கார்பட் ஆசையாக.

"கழகம் இன்றி நாடு நல்லாத்தான் இருக்கும்னு அமைச்சகம் நினைக்குது," என்றார் மிஸ் கேல்.

கார்பட் கண்ணை மூடி, கேட்ட வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சுவர்ப் பக்கத்தில் ஒருவர் "ஆஹா" என்றே சொல்லிவிட்டார்.

"இது உங்க வேலையைப் பத்தின விஷயம்," என்றார் மிஸ் கேல், குரலை உயர்த்தி. "உங்க வீடு வாசலைப் பத்தின விஷயம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லணும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

"ஆட்சேபமா?" என்றார் கார்பட். "மேடம், ஒரு நட்சத்திரம் போட இடமில்ல. ஒவ்வொண்ணும் அப்பழுக்கில்லாத வாக்கியம். கழகத்தின் சார்பா மனமார்ந்த நன்றி."

"அப்ப ஆட்சேபம் எதுவும் இல்லை."

"எதுவும் இல்லை!" என்றார்கள் மாடியும் கீழும் ஒரே குரலில்.

வில்ஃபுக்குப் பொறுக்கவில்லை. கதவோரத்திலிருந்து, "சார்! அந்தம்மா நிஜமாவே மூடப்போகுது சார்!" என்று கத்தினார்.

"உதாரணம்ப்பா," என்றார் கார்பட், எழுதுவதை நிறுத்தாமல்.

மிஸ் கேல் என் அடுக்களைக்கு வந்து, வேண்டாமென்று சொன்ன கேக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எத்தனையோ இடத்தை மூடியிருக்கேன்," என்றார். "அழுதிருக்காங்க, கல்லெறிஞ்சிருக்காங்க. கைதட்டினது இங்கதான்." பிறகு வில்ஃபைப் பார்த்தார். "காலிக் கட்டடத்தை அப்படியே போட்டுட்டுப் போக முடியாது. கூரையில இருக்கற ஈயத்தகட்டைத் திருடிட்டுப் போயிடுவானுங்க. காவலுக்கு ஆள் வேணும். நீங்க அந்த வீட்டுலயே இருப்பீங்கதானே?"

வில்ஃப் அவரை மேலும் கீழும் பார்த்தார். பட்ட அடி அப்படி. "மேடம், இது உதாரணம்ங்களா, நிஜமாங்களா?"

"என்னது?"

"சும்மா சொல்றீங்களா, இல்ல..."

"சும்மா சொல்றதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரலை மிஸ்டர் ஓல்ட்ராய்ட்."

அப்படியும் அவர் நம்பவில்லை. சாயங்காலம் எனிட்டிடம்கூடச் சொல்லவில்லையாம். புனித வெள்ளிக்கு முந்தைய நாள், கொட்டுகிற மழையில் லாரிகள் வந்து மேசை நாற்காலிகளை ஏற்ற ஆரம்பித்த பிறகுதான், ஓடிப்போய்ச் சொன்னார். அவள் முதலில் அவரை ஓர் அறை விட்டாள், அப்புறம் அழுதாள். அடுத்த கூட்டம் என்று ஒன்று கூடவே இல்லை. அதனால் அவரை அனுப்புகிற தீர்மானத்தைப் படித்து உறுதி செய்ய ஆளில்லாமல் போயிற்று. அந்தத் தீர்மானமும் அவர்களுடைய தொடர்களைப் போலவே முடியாமல் தொங்கிப்போயிற்று.

புல்வெளியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் எல்லோரும். ஆளாளுக்குக் கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"நமக்கு யாருமே சொல்லலையே!" என்றார் செயலாளர்.

"சொல்லியிருந்தா எதிர்த்திருப்போம்!" என்றார் இன்னொருவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்று அங்கே ஒரு கொலை விழுந்திருக்கும். ஓர்மரோட் ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறினார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கடைசியில் கேட்டருகே கார்பட் மட்டும் நின்றார். அவர் கழகத்திலேயே ஓர் அறையில்தான் குடியிருந்தார். அவருக்கு வீடு இல்லை, சொந்தமென்று யாரும் இல்லை. குடையும் இல்லை. குறிப்பு அட்டைகள் இருந்த பெட்டி நனைந்து அடிப்பக்கம் பிய்ந்துகொண்டிருந்தது.

வில்ஃப் சாவிக்கொத்தோடு வாசல் வீட்டுக் கதவில் நின்றிருந்தார். நான் பின்னால் எனிட்டோடு நின்றேன்.

"ஓல்ட்ராய்ட்," என்றார் கார்பட். "எனக்கு... எங்க போறதுன்னு தெரியலைப்பா."

'இன்னொரு தடவை சொல்லுங்க, நிறுத்தி, நிதானமா' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனிட் என் கையைக் கிள்ளினாள்.

வில்ஃப் அவசரப்படவில்லை. அந்த மனுஷரை உச்சி முதல் கால்வரை ஒரு தடவை பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"சார், இது உதாரணம்ங்களா?"

கார்பட்டின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா," என்றார். "நிஜம்."

"அப்ப உள்ள வாங்க," என்றார் வில்ஃப். "காலைத் துடைச்சிட்டு வாங்க சார், எனிட் சத்தம் போடுவா."